இருபத்திரண்டு சதவீதக் கொழுப்பு

என் டோக்கன் முப்பத்தொன்று. சுவரில் சிவப்பு எழுத்து பத்தொன்பதிலேயே அரைமணி நேரமாக நிற்கிறது, நிற்கட்டும், ஆனால் அந்த ஸ்கேன் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் இந்த ஹாலில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே மாதிரி கழுத்தை நீட்டுகிறோமே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, நானும் நீட்டுகிறேன், நீட்டிவிட்டு எனக்கே எரிச்சல் வருகிறது. திண்டுக்கல்லில் ஆறு மணி பஸ், தண்ணீர்கூடக் குடிக்காமல் வரச் சொன்னார்கள், குடிக்கவில்லை, மதுரையில் இறங்கி ஆட்டோ பிடித்து இந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபோது எட்டே கால், இப்போது பத்தரை. பக்கத்தில் இவர் தூங்குகிறார். மில்லில் ஷிஃப்ட் முடித்த கையோடு வந்தவர், தூங்கத்தான் செய்வார், அதற்காக வாயை இவ்வளவு திறந்தா, எதிரே உட்கார்ந்திருக்கிற அம்மாள் இவரையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறாள், இவர்தான் நோயாளி என்று நினைத்திருப்பாள். அம்மா, நோயாளி இங்கே வரவில்லை, நோயாளி என் அண்ணன், அவன் வயிற்றில் நீர் கட்டிக்கொண்டு வீட்டில் படுத்திருக்கிறான், நான் அவனுக்கு ஈரலில் பாதிக்கு மேல் அறுத்துக் கொடுக்கப் போகிறவள், கொடுக்கலாமா கூடாதா என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன், போதுமா. மடியில் இரண்டு ஃபைல். மேலே இருக்கிற ஒல்லி ஃபைல் என்னுடையது, ஜெசிந்தா தனபால், வயது நாற்பத்து மூன்று, கொடையாளர். கீழே தலையணை மாதிரி கனக்கிறது அண்ணனுடையது, அருளப்பன், வயது நாற்பத்தெட்டு. மதினி நேற்று கொடுத்துவிட்டார்கள், டாக்டரம்மா இரண்டையும் சேர்த்துப் பார்க்கணுமாம். குட்டை நாடா போட்டுக் கட்டியிருக்கிறது. நான் பிரிக்கவில்லை. பிரிக்கப் போவதில்லை. அதில் என்ன தேதி இருந்தால் எனக்கென்ன.

ஒன்பது வாரமாக நடக்கிறேன். விடியக்காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஸ்டேடியத்தைச் சுற்றி எட்டுச் சுற்று, சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து நாலு சுற்று. ராத்திரி சோறு கிடையாது, சர்க்கரை கிடையாது, என் மகளுடைய பிறந்தநாள் கேக்கைக்கூட உதட்டில் ஒற்றிவிட்டு வைத்தேன். எழுபத்தெட்டு கிலோ அறுபத்தொன்பது ஆயிருக்கிறது. பார்க்கிறவர்களெல்லாம் கேட்கிறார்கள், என்ன ஜெசிந்தா, இளைச்சு அழகாயிட்டே, என்ன பண்றே, எனக்கும் சொல்லேன். என்ன சொல்வது, உங்க அண்ணனுக்கும் ஈரல் போச்சுன்னா தன்னால இளைச்சிருவீங்க என்றா. முதல் ஸ்கேன் எடுத்த அன்று டாக்டர் மீனலோசனி, சின்ன வயசுதான், முப்பத்தைந்துகூட இருக்காது, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "உங்க ஈரல்ல இருபத்திரண்டு சதவீதம் கொழுப்பு இருக்கும்மா." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். அவருக்கு எப்படித் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், முப்பத்தொரு வயது வரைக்கும் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்த என் அண்ணன், நானே ஒருத்தரைப் பார்த்துக்கொண்டேன், அவர் நம்ம கோயில் ஆள் இல்லை, பெயர் தனபால் என்று சொன்ன அன்றைக்குத் தெருவே கேட்கிற மாதிரி கத்தினான், "கொழுப்பெடுத்துப் போறா, போகட்டும், இனிமே இந்தப் படி ஏறுனா காலை ஒடிச்சிருவேன்." அன்றைக்கு அவன் வாயால் சொன்னதை இன்றைக்கு இவர்கள் மெஷினில் போட்டு, எத்தனை சதவீதம் என்று கணக்காகச் சொல்கிறார்கள். ஆமாம் டாக்டர், கொழுப்புதான், எங்க அண்ணன் அப்பவே கண்டுபிடிச்சுட்டான். ஆனால் அப்படிச் சொல்லவில்லை. "அதனால என்ன டாக்டர்?" என்று மட்டும் கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம்.

அவர் ஒரு தாளை எடுத்துப் பின்பக்கம் படம் வரைந்தார். ஈரலை வெட்டி எடுப்போம், எடுத்ததிலிருந்து உங்க அண்ணன் உடம்பில் வைத்துத் தைக்கிற வரைக்கும் அதற்கு ரத்தம் கிடையாது, ஐஸில் இருக்கும், அந்தப் பட்டினியை ஓரளவு தாங்கும். அப்புறம் ரத்தக் குழாயையெல்லாம் தைத்து, அடைத்து வைத்த இடுக்கியை எடுப்போம், ரத்தம் உள்ளே பாயும். "அப்ப பொழைச்சுக்கும்," என்றேன். "இல்லைம்மா, அப்பத்தான் சாக ஆரம்பிக்கும்," என்றார். நான் தப்பாகக் காதில் விழுந்தது என்று நினைத்தேன். பட்டினியில் சாகாதது சாப்பாடு வந்த பிறகா சாகும். அதற்கு அவர் நிதானமாகச் சொன்னார், நல்ல ஈரல் என்றால் கொஞ்சம் செல்கள் சாகும், மிச்சம் தேறிவிடும், கொழுப்பு ஏறிய ஈரலில் ஒவ்வொரு செல்லும் உப்பி இருக்கும், நடுவில் இருக்கிற சந்து பொந்தெல்லாம் அடைத்துக்கொண்டிருக்கும், ரத்தம் சீராகப் போகாது, போன இடத்தில் செல்லுக்குள்ளே இருக்கிற அடுப்பு திடீரென்று காற்றுப் பட்டுக் குப்பென்று பற்றிக்கொள்ளும். "செல் சாகறதுல ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு, தன்னைத்தானே மடிச்சுப் பொட்டலமாக் கட்டிக்கிட்டு சத்தம் இல்லாம போயிரும். இன்னொண்ணு வெடிக்கும். வெடிச்சு உள்ள இருக்கறதெல்லாம் வெளிய கொட்டும். உடம்போட காவல்காரங்க, ரத்தத்துல வர்ற வெள்ளை அணுக்கள், ஏதோ எதிரி வந்துட்டான்னு நினைச்சு ஓடி வந்து அந்த இடத்தை அடிச்சு நொறுக்குவாங்க. பக்கத்துல உயிரோட இருக்கற நல்ல செல்லும் சேர்ந்து போகும். கொழுப்பு ஈரல்ல இந்த ரெண்டாவது விதம்தான் அதிகம். உங்க அண்ணன் உடம்புல வச்ச துண்டு மட்டும் இல்லை, உங்களுக்கு மிச்சம் வைக்கிற துண்டுலயும் இதே ஆபத்து இருக்கு. பத்துக்குக் கீழ கொண்டு வந்தாத்தான் நான் தொடுவேன்." தாளை என் பக்கம் திருப்பினார். ஈரல் வெண்டைக்காயை நறுக்கின மாதிரி இருந்தது. நான் தலையாட்டினேன். இவரும் தலையாட்டினார். வெளியே வந்ததும் இவர் கேட்டார், "என்ன சொன்னாங்க?"

என்ன சொன்னார்கள் என்பது எனக்கு ஆபீஸில்தான் புரிந்தது. மின்சார ஆபீஸில் புகார் எழுதுகிற வேலை எனக்கு, பதினேழு வருஷமாகக் காதில் போனை வைத்துக்கொண்டு, ஆமா சார், சொல்லிட்டோம் சார், லைன்மேன் கிளம்பிட்டார் சார். கரண்ட் எப்ப வரும், கரண்ட் எப்ப வரும், இதுதான் எல்லாருடைய கேள்வியும், வந்துவிட்டால் போனை வைத்துவிடுவார்கள், ஆனால் வந்த பிறகுதான் இன்னொரு கூட்டம் கூப்பிடும், மேடம், கரண்ட் வந்துச்சு, வந்த வேகத்துல மோட்டார் புகைஞ்சிருச்சு, ஃபிரிட்ஜ் போச்சு, டிவி வெடிச்சுருச்சு. போனபோது ஒன்றும் ஆகவில்லை, வந்தபோதுதான் ஆகிறது. அன்றைக்கு ஒரு ரைஸ்மில்காரர் மோட்டார் போய்விட்டது என்று என்னைக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார், நான் அவர் பேச்சைக் கேட்காமல், ஓகோ, இதைத்தான் அந்த டாக்டரம்மா சொன்னார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன், "என்னம்மா, லைன்ல இருக்கியா இல்லையா" என்று அவர் கத்தினார். இருக்கேன் சார். எங்கே போகப் போகிறேன். எல்லாரும் கத்துவதற்கு ஒரு ஆள் லைனில் இருக்கத்தானே வேண்டும். இருபத்து மூன்று. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டெல்லாம் எப்போது போனது, நான் பார்க்கவே இல்லையே, ஒருவேளை அவர்கள் வரவே இல்லையோ, வராமல் போகிறவர்களும் இருக்கிறார்கள்தானே, வராமல் போனால் என்ன ஆகும், யார் என்ன கேட்பார்கள்.

போன் அடிக்கிறது. மதினி. ரெஜினா மதினி ஒரு நாளைக்கு ஆறு தடவை கூப்பிடுகிறார்கள், ஆறு தடவையும் ஒரே கேள்வி. "ஜெசி, கூப்பிட்டாங்களா?" "இன்னும் இல்லை மதினி." "காலையில ஒண்ணும் சாப்பிடலையே?" "இல்லை மதினி." "நேத்து ராத்திரி?" "ரெண்டு வெள்ளரிக்காய்." "அது போதும். அது போதும். நான் ஜெபமாலை சொல்லிக்கிட்டே இருக்கேன். பத்துக்குள்ள வந்திரும். அவர் உங்கிட்ட பேசணுங்கறாரு, தரவா?" "வேண்டாம் மதினி, நர்ஸ் கூப்பிடறாங்க." நர்ஸ் ஒன்றும் கூப்பிடவில்லை. நான் ஏன் இப்படிப் பொய் சொல்கிறேன். மதினி என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்பது எனக்குப் பசிக்குமே என்பதற்காக இல்லை, நான் ஏதாவது தின்று தொலைத்துவிட்டேனா என்பதற்காக. போன வாரம் வீட்டுக்கு வந்தவர்கள் என் அடுக்களையில் எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தார்கள். நான் பார்த்ததைப் பார்த்ததும் பாட்டிலைத் துடைக்கிற மாதிரி துடைத்துவிட்டு வைத்தார்கள். பதினொரு வருஷம் என் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு இப்போது என் எண்ணெய்ப் பாட்டில் அளவு தெரிகிறது. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, தாலி கட்டினவன் மஞ்சளாகிக்கொண்டே போகிறான், கண் மஞ்சள், நகம் மஞ்சள், போகிற வருகிறவர்களெல்லாம் குடிச்சுத்தானே இப்படி ஆச்சு என்று காது படப் பேசுகிறார்கள், அவன் பீர் வாசனைகூட அறியாதவன், பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர், இருபத்தாறு வருஷம் பஸ் எங்கே நிற்குமோ அங்கே பரோட்டா, சர்க்கரை வியாதி, அவனுக்கும் கொழுப்புதான், கொழுப்பு முற்றி ஈரல் கல்லாய்ப் போயிருக்கிறது. என்னைக் கொழுப்பு என்று சொன்னானே. எதற்கு இப்போது அது. எதை நினைத்தாலும் அங்கேயே போய் முட்டுகிறது.

பிப்ரவரி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வந்தான். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், கேட்டுக்கு வெளியே ஒரு ஆள் நிற்கிறான், கையில் பன்னீர் திராட்சைப் பை, கேட்டைத் திறக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. முதலில் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு கறுத்து, தோள்பட்டை எலும்பு தெரிய. அம்மா செத்தபோது ஆள் விட்டுச் சொன்னவன், கல்லறையில் குழிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், மண் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனவன், அதற்கப்புறம் ஆறு வருஷம் கழித்துத் திராட்சையோடு நிற்கிறான். "ஜெசி" என்றான். அவ்வளவுதான், பதினொரு வருஷமாக நான் மனசில் அடுக்கி வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை. "உள்ள வாண்ணே" என்றேன். என் மகள் ஆதிரை அவனை யாரோ என்று நினைத்து வணக்கம் சொன்னாள், அவன் அழுதுவிட்டான். இவரோடு கை கொடுத்தான். மார்ச்சில் இரண்டு தடவை வந்தான், ஈஸ்டருக்கு எங்களைக் கூப்பிட்டான், நான் அந்தப் படி ஏறினேன், யாரும் காலை ஒடிக்கவில்லை, மதினி ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தார்கள், நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று நினைத்தால் இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது. ஏப்ரல் கடைசியில் வந்து உட்கார்ந்தான், ஜெசி, வயித்துல தண்ணி எடுத்தாங்க, இப்பத்தான் டாக்டர் சொல்றாரு ஈரல் போச்சாம், மாத்தணுமாம் என்றான். இப்பத்தான். அந்த வார்த்தைதான் நெஞ்சில் மீன் முள் மாதிரி. நான் கேட்கவே இல்லை, அவனாகவே இப்பத்தான், இப்பத்தான் என்று இரண்டு தடவை சொன்னான். பிப்ரவரியிலேயே தெரியுமோ. தெரிந்துதான் திராட்சை வாங்கினானோ. தெரியாமல் வந்தவனுக்குக் கொடுப்பது ஒன்று, தெரிந்து வந்தவனுக்குக் கொடுப்பது இன்னொன்று, இரண்டுக்கும் அறுக்கப் போகிறது அதே வயிற்றைத்தான் என்றாலும். ஆபீஸில் விமலா சொன்னாள், "விடு ஜெசி, எப்படியோ ரத்த பந்தம் திரும்பிருச்சுல்ல." திரும்பினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாராவது படம் வரைந்து காட்டினால் தேவலை.

பிரித்துவிட்டேன். எப்போது கை நாடாவைத் தொட்டது என்று தெரியவில்லை, ஃபைல் மடியில் திறந்து கிடக்கிறது. மதினி எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கியிருக்கிறார்கள், கடைசியில் நடந்தது மேலே, முதலில் நடந்தது அடியில். ஆகஸ்ட், ஜூலை, ஜூலை, ஜூன், நீர் எடுத்த சீட்டு, ரத்தப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, மே, ஏப்ரல். ஏப்ரலோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, அடியில் இன்னும் விரல் பருமனுக்குத் தாள் இருக்கிறது. ஜனவரி பத்தொன்பது. திண்டுக்கல் ஸ்கேன் சென்டர் தாள், கீழே ஒரு டாக்டர் கையெழுத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி, கல்லீரல் சுருக்கம், மாற்று சிகிச்சைக்கு ஆலோசனை கேட்கவும். ஜனவரி பத்தொன்பது. பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு. விரல் விட்டு எண்ணுகிறேன், மூன்று வாரம். மூன்று வாரம் யோசித்திருக்கிறான். யோசித்து, திராட்சை வாங்கி, கேட்டுக்கு வெளியே நின்று, ஜெசி என்று. என் முகம் சுடுகிறது. இவரை உலுக்கினேன். "இதைப் பாருங்க." கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார், "என்னது?" "தேதியைப் பாருங்க. அவன் முதல்லயே தெரிஞ்சுதான் வந்திருக்கான்." இவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்கு அப்பவே தோணுச்சு," என்றார். "தோணுச்சா? தோணுனா ஏன் சொல்லலை?" "நீ சந்தோஷமா இருந்தே." "இப்ப நான் என்ன செய்யறது?" "உன் இஷ்டம் ஜெசி." இவருக்கு எல்லாமே என் இஷ்டம். கல்யாணம் உன் இஷ்டம், பிள்ளைக்குப் பேர் உன் இஷ்டம், ஈரல் உன் இஷ்டம். ஒரே ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லக் கூடாதா, சொன்னால் நான் இவரோடு சண்டை போட்டுக்கொண்டு கொடுத்துவிடுவேன், அல்லது இவர் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கொடுக்காமல் இருப்பேன், இரண்டில் ஒன்று நடக்கும். முப்பத்தொன்று. அந்தக் கதவு திறந்தது, என் பெயரைத்தான் கூப்பிட்டார்கள், ஜெசிந்தா, ஜெசிந்தா யாரும்மா.

தோட்டையும் செயினையும் கழற்றி இவர் கையில் கொடுத்துவிட்டுப் படுத்தேன். குழாய்க்குள் தள்ளினார்கள். தடதடவென்று யாரோ தகர ஷெட்டை உடைக்கிற சத்தம். இடையில் காதுக்குள் ஒரு குரல், மூச்சை இழுங்க, நிறுத்துங்க, நான் நிறுத்தினேன். பதினைந்து விநாடி. மூச்சு நின்ற அந்தப் பதினைந்து விநாடியில் வேறொன்றும் ஓடவில்லை, பாழாய்ப்போன தேதிதான் ஓடியது. விடுங்க. விட்டேன். விட்டதும் ஒரு யோசனை வந்தது, கொழுப்பு குறையாமல் இருந்தால். பன்னிரண்டு சதவீதம், பதினான்கு சதவீதம் என்று வந்துவிட்டால். நான் என்ன செய்ய முடியும், நடந்தேன், பட்டினி கிடந்தேன், எல்லாரும் பார்த்தார்கள், மதினி தூக்கிப் பார்த்த எண்ணெய்ப் பாட்டிலே சாட்சி. யாரும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது. மூச்சை இழுங்க, நிறுத்துங்க. குறையாமல் இருக்கட்டும் ஆண்டவரே. சீ, என்ன கேட்கிறேன் நான், இது அவன் சாகட்டும் என்று கேட்பது இல்லையா. இல்லை, நான் அவன் சாகட்டும் என்று கேட்கவில்லை, எனக்கு வேண்டாம் என்று கேட்கிறேன், இரண்டும் வேறு வேறு. வேறு வேறா. விடுங்க. எனக்கு ஆதிரை இருக்கிறாள், பத்து வயது, ஆபரேஷன் மேசையில் அந்தத் துண்டு மட்டும் இல்லை, நானும் போகலாம், இருநூறு பேரில் ஒருவருக்கு ஏதாவது ஆகலாம் என்று டாக்டர் சொன்னார், எங்கள் ஆபீஸில் இருநூறு பேர் இருக்கிறோம், அந்த ஒருவர் யார் என்று நான் ஒரு மத்தியானம் முழுக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சை இழுங்க. எத்தனை தடவைதான். நிறுத்துங்க.

ஒன்றேகால் மணிக்கு டாக்டர் மீனலோசனி கூப்பிட்டார். சிரித்துக்கொண்டிருந்தார், அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "ஆறு புள்ளி எட்டு," என்றார், "ஜெசிந்தாம்மா, ஒன்பது வாரத்துல இருபத்திரண்டுல இருந்து ஆறு புள்ளி எட்டு. என் பேஷண்ட் யாரும் இப்படிக் கொண்டு வந்ததில்லை." இவர் என் தோளைத் தட்டினார், பரீட்சையில் பாஸான பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. டாக்டர் இவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வைதேகி என்று ஒரு பெண்ணைக் கூப்பிட்டார், தானம் கொடுக்கிறவர்களிடம் தனியாகப் பேசுகிற வேலையாம், காட்டன் சேலை, கழுத்தில் அடையாள அட்டை. டாக்டரும் வெளியே போய்விட்டார். வைதேகி கதவைச் சாத்தினாள். "அக்கா, இப்ப நான் கேக்கறது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான். உங்களுக்கு இதுல விருப்பம் இல்லைன்னா, இப்ப சொல்லலாம். எதுக்குன்னு காரணம் சொல்ல வேண்டாம். உங்க அண்ணன்கிட்ட, வீட்டுல, யார்கிட்டயும் நீங்க மறுத்தீங்கன்னு நாங்க சொல்ல மாட்டோம். மருத்துவ ரீதியா பொருந்தலைன்னு மட்டும்தான் சொல்லுவோம்." "என்ன பொருந்தலைன்னு கேட்டா?" "கேட்டாலும் விவரம் சொல்ல மாட்டோம். அவங்களா கொழுப்புன்னு நினைச்சுக்குவாங்க." இதுவேறா. ஸ்கேன் குழாய்க்குள் கிடந்து நான் ஆண்டவரிடம் கேட்டதை இந்தப் பெண் தட்டில் வைத்து நீட்டுகிறாள். ஒரு தலையாட்டல் போதும். மதினி அழுவார்கள், என்னைத் திட்ட மாட்டார்கள், ஒன்பது வாரம் பட்டினி கிடந்தாளே பாவம் என்பார்கள். அவன் செத்த பிறகும் நான் நல்லவளாகவே இருப்பேன். எவ்வளவு சுத்தமான வழி. எனக்கு அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் ஆத்திரம் வந்தது. "பத்து நிமிஷம் கொடும்மா," என்று எழுந்தேன்.

மாடிப்படி மூலையில் நின்று அவனைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு கிடந்திருப்பான். "ஜெசி, என்னாச்சு?" "ரிசல்ட் இருக்கட்டும். நீ பிப்ரவரியில வந்தியே, அப்ப உனக்குத் தெரியுமா?" மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது, வயிற்று நீர் நெஞ்சை அழுத்துகிற மூச்சு. "அண்ணே, தேதியைப் பாத்துட்டேன். ஜனவரி பத்தொன்பது." "தெரியும்," என்றான். "பின்ன ஏப்ரல்ல இப்பத்தான் இப்பத்தான்னு சொன்னே?" "பொய் சொன்னேன்." "ஈரலுக்காக வந்தியா? அத மட்டும் சொல்லு." "அந்த டாக்டர் முதல்ல கேட்டதே கூடப் பிறந்தவங்க இருக்காங்களான்னுதான். யாரும் இல்லைன்னு சொல்லிட்டேன் ஜெசி. சட்டுனு வந்திருச்சு வாயில. சொல்லிட்டு வெளிய வந்து வண்டியை எடுக்க முடியலை. இருக்கறவளை இல்லைன்னு சொல்லிட்டேனேன்னு அங்கயே உக்காந்துட்டேன்." "அதுக்காக வந்தியா, ஈரலுக்காக வந்தியா?" மறுபடி அந்த மூச்சு. "எனக்கே தெரியலை. பிரிச்சுப் பாக்கத்தான் பாக்கறேன், முடியலை. ரெண்டுக்கும்னு வச்சுக்கயேன். நீ வேண்டாம்னு சொல்லிரு தாயி. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்." போனை வைத்துவிட்டேன். கொஞ்சம் நடித்திருக்கக் கூடாதா இவன், உன் நினைப்பாவே இருந்துச்சு, அதான் வந்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் காறித் துப்பிவிட்டு அந்தப் பெண்ணிடம் தலையாட்டிவிட்டு நாலு மணி பஸ்ஸில் ஊருக்குப் போயிருப்பேன். ஈரலுக்காகத்தான் என்று சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். இரண்டும் இல்லாமல் தெரியலை என்கிறான், தெரியலை என்பதை எப்படி வெறுப்பது. வாழ்க்கையில் ஒரு தடவை உண்மை பேச இந்த நாளைத்தான் பார்த்தானா. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன், அழுகை என்று சொல்ல முடியாது, கோபத்தில் வருகிற தண்ணீர், துடைக்கத் துடைக்க வந்தது, ஏறி இறங்குகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள், ஆஸ்பத்திரிப் படியில் அழுகிறவளை யார் என்ன கேட்பார்கள்.

பத்து நிமிஷம் அரைமணி ஆகிவிட்டது. வைதேகி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். "கொடுக்கறேன்," என்றேன், "ஃபாரத்தை எடும்மா." அவள் உடனே எடுக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள், "யாராவது வற்புறுத்தினாங்களா அக்கா?" "வேண்டாம்னு சொல்லச் சொல்லித்தான் வற்புறுத்தினான்," என்றேன். அப்புறம்தான் எடுத்தாள். வாசித்துக் காட்டவேண்டுமாம், வாசித்தாள், இன்னாரின் தங்கையாகிய நான், எவருடைய தூண்டுதலும் அச்சுறுத்தலும் இன்றி, மனமுவந்து. "நில்லு," என்றேன். "அந்த வார்த்தையை அடிச்சிரலாமா?" "எந்த வார்த்தை?" "மனமுவந்து." அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அடிச்சா செல்லாதுக்கா. சட்டப்படி அது இருக்கணும்." "எனக்கு மனசு உவக்கலையே. யாரும் சொல்லாம நானாத்தான் கொடுக்கறேன், ஆனா எரிச்சலோட கொடுக்கறேன். அதுக்கு உங்க ஃபாரத்துல ஒரு வார்த்தை இல்லையா?" வைதேகி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இல்லை என்று அவளுக்கே வருத்தமாக இருந்தது போல. பிறகு கடைசிப் பக்கத்தில் கீழே ஒரு கட்டத்தைக் காட்டினாள், கொடையாளர் குறிப்பு என்று போட்டு நாலு கோடு. "இங்க நீங்க என்ன வேணாலும் எழுதலாம். ஆபரேஷனுக்கு அனுமதி கொடுக்கற கமிட்டி உங்களைக் கூப்பிட்டுக் கேப்பாங்க, அவ்வளவுதான்." பேனாவை வாங்கினேன். பதினேழு வருஷமாக மற்றவர்கள் சொல்லச் சொல்ல எழுதின கை, தானாக எழுத வேண்டும் என்றதும் கொஞ்சம் தயங்கியது. எழுதினேன். அண்ணன் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. அது ஆறும்வரை காத்திருக்க அவருக்கு நாள் இல்லை. அதனால் இப்போதே கொடுக்கிறேன். கையெழுத்துப் போட்டு நீட்டினேன். வைதேகி ஒரு தடவை வாசித்தாள், இன்னொரு தடவை வாசித்தாள். "அடிச்சிரணுமா?" என்று கேட்டேன். "இல்லைக்கா, இருக்கட்டும்," என்றாள். "மத்தவங்க எல்லாம் இங்க என்ன எழுதுவாங்க?" அவள் தாளை மடிக்காமல் ஃபைலுக்குள் வைத்தாள். "காலியா விட்டுருவாங்க."